பழைய பலகை, புதுக் கடை

கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டு வாசலுக்குப் பலகை என்றாலே கிரானைட்தான். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பாலிஷ் போட்ட கறுப்புக் கல். அதில் தங்க எழுத்தில் தாத்தா பெயரோ குலதெய்வம் பெயரோ. கல்லை வெட்டி ஊர் ஊராக அனுப்புகிற மாவட்டத்தில் வேறென்ன மாட்டுவார்கள்?

இங்கேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்குத்தான் திடீரென்று மரப்பலகை ஆசை வந்தது. அதுவும் ஐம்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மாதிரி இருக்க வேண்டுமாம். ஸ்டென்சில் அச்சு வெட்டி ‘வாங்க சாப்பிடலாம்’ என்று எழுதி, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவாராம். “பழசுதான் வேணும்னா எங்க அம்மா வீட்டு மாட்டுக்கொட்டாயில நிறையக் கிடக்கே” என்றேன். அது வேற பழசு என்றார்.

ஓசூர் கம்பெனிகளுக்குச் சரக்கு வந்து இறங்குகிற மரத்தட்டு இருக்கிறதே, பேலட் என்பார்கள், அதைப் பிரித்த பலகைகள் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். பைன் மரம். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். ஓரத்தில் கதிர் படம் போட்டு ‘ஹெச்டி’ என்று முத்திரை. மாமா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஹைடென்ஷன் லைன் கட்டையாடா இது?” என்று இரண்டடி பின்னால் போனார்.

சூட்டில் பதப்படுத்திய மரம் என்பதற்கான குறி அது. நாடு விட்டு நாடு போகிற மரத்தோடு பூச்சியும் போய்விடக் கூடாது என்று, மரத்தின் உள்பாகம் வரை 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிஷம் நிறுத்துவார்கள். ‘எம்பி’ என்று முத்திரை இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று இவர் விளக்கினார். “எம்.பி. எதுக்கு நம்ம வீட்டுக்கு? டெல்லியிலயே இருக்கட்டும்” என்றார் மாமா.

பைன் மரம் வெளுப்பாக இருக்கும். அதைக் கிழடாக்க ஒரு வைத்தியம் உண்டு. வினிகரில் இரும்பை ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைப் பூச வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் இதற்கு ஆகாது, அது லேசில் கரையாது. துருப்பிடித்த ஆணிதான் சரி. பைனில் துவர்ப்புச் சத்து குறைவு என்பதால் முதலில் கெட்டியான டீ டிகாஷன் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் ஆணித் தண்ணியைத் தடவினால், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நம் கண்ணெதிரேயே மரம் சாம்பல் பூத்துக் கறுக்கும்.

ஆனால் ஆணி ஊறுகிற பாட்டிலை இவர் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். அமாவாசைக்கு வீடு துடைக்கப் போன அத்தை கண்ணில் அது பட்டது. மூடியில் துணி கட்டிய பாட்டில், உள்ளே கலங்கின தண்ணி, அதற்குள் துருப்பிடித்த ஆணிகள். வேறென்ன நினைப்பார்? “யாரோ செய்வினை வெச்சுட்டாங்க!” எலுமிச்சம்பழம் நறுக்கி, உப்பு மிளகாய் சுற்றி, பாட்டிலை முச்சந்தியில் போட்டு உடைக்கக் கிளம்பிவிட்டார். குளித்துக்கொண்டிருந்த மகன் துண்டோடு தெருவுக்கு ஓடி வந்து மீட்டார். விஷயம் தெரிந்த பிறகும் அத்தைக்கு மனசு ஆறவில்லை. பாட்டிலுக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அச்சு வெட்ட அத்தையின் முட்டி எக்ஸ்ரே பலியானது. அட்டை என்றால் பெயின்ட் பட்டு ஊறிவிடும். எக்ஸ்ரே ஃபிலிம் நனையாது, பிளேடுக்கும் வழுவழுவென்று வழிவிடும். தொல்லை நம் எழுத்தில்தான். வ, ல, க, ச எதை எடுத்தாலும் ஒரு வயிறு இருக்கிறது. எழுத்தைச் சுற்றி வெட்டியதும் அந்த வயிறு கழன்று கீழே விழுந்துவிடும். விழாமல் பிடித்துக்கொள்ள அங்கங்கே மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். முடித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ‘சாப்பிடலாம்’ என்பதற்கு நடுவே அத்தையின் முட்டிச் சில்லு தெரிந்தது. “அடுத்த தடவை டாக்டர் பழைய எக்ஸ்ரே கேட்டா நான் பலகையத் தூக்கிட்டுப் போறதா?” என்றார் அத்தை. நியாயமான கேள்விதான்; பதில் வரவில்லை.

பெயின்டைப் பிரஷ்ஷால் இழுத்தால் அச்சுக்கு அடியில் கசிந்துவிடும். ஸ்பாஞ்சில் துளி தொட்டு, பேப்பரில் ஒற்றி, பாதி காய்ந்த பதத்தில் மேலிருந்து தட்டித் தட்டி எடுக்க வேண்டும். அச்சைத் தூக்கியபோது வெள்ளை எழுத்து அத்தனை சுத்தமாக விழுந்திருந்தது, நானே கை தட்டினேன். உடனே இவர் உப்புத்தாளை எடுத்து அதைச் சுரண்ட ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டுத் தம்பி கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறார். காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “ஏங்கக்கா, அண்ணன் பெயின்ட் அடிச்சு அவரே சுரண்டறாரே, எதுவும் பிரச்சனையா?” என்றார். அப்புறம் ரொம்பத் தயங்கி, “பட்டறையில துண்டுக் கல்லு சும்மாதான் கிடக்குது. காசெல்லாம் வேணாம்” என்றார்.

வார்னிஷ் வாடை போகட்டும் என்று பலகையை வெளி கேட்டில் மாட்டினார். மாங்காய் சீசன். பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றின லாரியும் டிராக்டரும் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் தொடங்கி எங்கள் வீட்டைத் தாண்டி வரிசை கட்டி நிற்கும். முறை வருவதற்குள் பசி வந்துவிடும்.

மத்தியானம் குழாயடியில் சத்தம். மூன்று பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் தோள்துண்டில் கையைத் துடைத்தபடி, “களி இருக்குங்களாம்மா, சோறு மட்டுந்தானா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “இருக்கு, உட்காருங்க” என்றுவிட்டார். உள்ளே வந்து, “வாங்கன்னு எழுதி மாட்டிட்டுப் போங்கன்னா சொல்றது?” என்று என்னிடம் சீறினார். வீட்டுக்கென்று கிண்டிய ராகிக் களியும் கீரைக் கடைசலும் திண்ணைக்குப் போயின. எங்களுக்கு மறுபடி உலை வைத்தேன்.

பென்னாகரம் பக்கத்துக்காரராம் அந்தப் பெரியவர். களியைப் பிட்டுக் கடைசலில் தோய்த்துக்கொண்டே, “போர்டப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, ரொம்ப நாளத்துக் கடைன்னு. ஓனரு அய்யா காலத்துல ஆரம்பிச்சதுங்களா?” என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்தாவது பாஸான அன்றுகூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

காசு வேண்டாம் என்றாலும் கேட்காமல் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அத்தை அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மகனைக் கூப்பிட்டார்.

“மிச்ச எக்ஸ்ரேவுல ‘ஞாயிறு விடுமுறை’ன்னு ஒண்ணு வெட்டிக் குடுடா.”