கோணமலையைத் தேடி ஒரு கோப்புக்குள்: செயன்முறைப் பரீட்சை அனுபவம்

செயன்முறைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் திருகோணமலையின் தரையுயர்வைப் படமாக்கும் பயிற்சி தரப்பட்டது. பைதன், ஆர் என்ற இரண்டு செய்நிரல் மொழிகளிலும் ஒரே படம் வர வேண்டும். 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரங்களே தரவு. வடக்கு 8, கிழக்கு 81 பாகையில் தொடங்கும் ஒரு சதுரத்துக்கு ஒரு கோப்பு. அதில் 1,201 நிரைகள், 1,201 நிரல்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைற்றுகள் (ஒரு பைற்று என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்). வேறு எந்த விளக்கமும் உள்ளே இல்லை.

கோப்பு ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டிருந்ததைக் கவனியாமல், பைதனில் எண்களைக் கையாளும் தொகுதியான நம்பையின் ஃப்ரம்ஃபைல் கட்டளைக்கு நேரே கொடுத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பொருளற்ற எண்கள்தான் வந்தன. எழுத்தாக அன்றி வெறும் பைற்றுகளாக இருக்கும் பைனரிக் கோப்பில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்: எதைக் கொடுத்தாலும் கணினி வாசித்துவிடும்.

ஆகவே தம்பி தங்கைகளே, செய்நிரல் எழுதுமுன் பைற்றுகளைக் கண்ணால் பாருங்கள். முதலிரண்டும் 31, 139 என்றால் அது ஜிசிப். கடைசி நான்கில், சுருக்கத்தை விரித்தால் எத்தனை பைற்றுகள் வரும் என்ற அளவு இருக்கும். எங்கள் கோப்பின் வாலில் 194, 4, 44, 0 என்று இருந்தன. சிறிய இடப்பெறுமானம் கொண்ட பைற்று முதலில் வருவதால் 194 + 4×256 + 44×65,536 என்று கூட்டினால் 2,884,802. மறுபக்கம் 1,201×1,201×2 பெருக்கினேன், அதே எண்! அன்று நான் அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாலில் சிறிய பைற்று முன்னால் வர, உள்ளே இருக்கும் உயரங்களிலோ பெரிய பைற்று முன்னால் வருகிறது. ஒரே கோப்பில் இரண்டு ஒழுங்கு. கோப்பை விரித்த பின்னும் ஒழுங்கைச் சொல்லாமல் வாசித்தேன்; கணினி சிறிய பைற்றே முன்னால் என்று எடுத்துக்கொண்டது. கடல் 0 என்று சரியாகவே வந்தது, ஏனெனில் பூச்சியத்தைப் புரட்டினாலும் பூச்சியமே. 12 மீற்றர் தரையோ, 0, 12 என்ற பைற்றுகள் 12, 0 எனப் புரண்டதால் 12×256, அதாவது 3,072 மீற்றராகியிருந்தது. இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அளவீடு இல்லாத இடங்களைக் குறிக்கும் −32,768 இன்னும் மோசம்: புரண்டால் 128 ஆகி, உண்மையான குன்றுபோலவே நிற்கும்.

ஆர் மொழியில் ரீட்பின் கட்டளை, எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒரேயொரு எண்ணை மட்டும் வாசிக்கும். எண்ணிக்கை, இரண்டு பைற்று, பெரியது முதலில் என்ற மூன்றையும் கொடுங்கள். கோப்பை ஜிஇசட்ஃபைல் வழியே திறவுங்கள். அதன் பிறகும் என் படத்தில் கடல் கிழக்கே இல்லாமல் தெற்கே கிடந்தது. நிரைகளும் நிரல்களும் கொண்ட எண் அட்டவணையான தாயத்தை ஆர் நிரல் நிரலாக நிரப்புகிறது. கோப்போ வடக்கு ஓரத்திலிருந்து நிரை நிரையாக வருகிறது. நிரைவழி நிரப்பச் சொன்னதும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை ஏறத்தாழ 500ஆம் நிரையில், 295ஆம் நிரலில் வந்து நின்றது. பழகிய ஊரின் தரவில் பயிலுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முன்பின் தெரியாத ஊராக இருந்திருந்தால் அந்தக் கடலை நான் நம்பியிருப்பேன்.

பரீட்சையில் நிரை, நிரல் எண்ணிக்கை குறிக்கப்படாத வேறொரு கோப்பு வந்தது. வாலிலிருந்த நான்கு பைற்றுகளைக் கூட்டினேன்: 25,934,402. இரண்டால் வகுத்து வர்க்கமூலம் கண்டேன். 3,601 வந்தது. அதன் பிறகே விசைப்பலகையில் கை வைத்தேன்.