முக்கால் கிலோ கறியும் 188-வது பிரிவும்

2020 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் ஞாயிறுதோறும் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. மறுநாள் ஆடி அமாவாசை, வீட்டில் கறி ஆகாது. மெடிக்கல் திறந்திருக்கும் என்ற தைரியத்தில் அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கக் கிளம்பினேன். வாங்கவும் செய்தேன். திரும்புகிற வழியில், ஷட்டரை இறக்கிவிட்டுக் கொல்லைப்புறமாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த கறிக்கடைக்காரரிடம் முக்கால் கிலோ வாங்கியதுதான் வினையாகப் போயிற்று. டிவிஎஸ் எக்ஸெல்லில் தொங்கிய மஞ்சப்பையைத் தொட்டுப் பார்த்த ஏட்டு, "மாத்திரை சூடா இருக்கே" என்றார்.

வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. நானும் போய், சொந்த ஜாமீனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் நடந்தே வீடு வந்தேன். கறியை மட்டும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் வருகிற காகிதத்தையெல்லாம் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் உண்டு. அந்தச் சமயம் கோர்ட்டே வீடியோவில் நடந்ததால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் என் எப்.ஐ.ஆரை நிதானமாகவே படித்தேன். அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம், பிரிவுகள் 188, 269. முதலாவது, அரசு ஊழியர் முறைப்படி போட்ட உத்தரவை மீறுவது. இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான நோய் பரவ வாய்ப்புள்ள காரியத்தை அஜாக்கிரதையாகச் செய்வது. ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

188-ஐ மறுக்க முடியவில்லை, வெளியே போனது நிஜம். 269தான் உறுத்தியது. அந்தப் பிரிவின்படி, என் செய்கை நோயைப் பரப்பக்கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணமாவது இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முகக்கவசம் போட்டிருந்தேன், வண்டியில் நான் ஒருத்தன்தான். எந்த நோயை யாருக்குப் பரப்பினேன்?

இதைத் தங்கச்சியிடம் புலம்பினேன். அவள் லேப் டெக்னீஷியன். அப்போது நாள் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் வெந்துகொண்டு ஆர்டி-பிசிஆர் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் கட்சி சேரவில்லை.

"அண்ணே, ஒண்ணுமே இல்லைன்னு சிரிச்சுக்கிட்டு சாம்பிள் குடுத்துட்டுப் போறவங்களுக்குத்தான் சிடி பதினெட்டு, பத்தொன்பதுன்னு வருது" என்றாள். சிடி எண் குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று அர்த்தமாம். 2003-இல் வந்த சார்ஸ் நோயில், படுக்கையில் விழுந்த பிறகுதான் ஆள் அதிகம் பரப்பினான். காய்ச்சல்காரனைப் பிடித்துத் தனியே வைத்ததும் நோய் அடங்கியது. கொரோனா அப்படியில்லை, அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பிக்கிறது. யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாத நோயில் எல்லோரையும் வீட்டில் உட்காரச் சொல்வதைத் தவிர ஆரம்பத்தில் வேறு வழியில்லை. ஊரடங்கின் விஞ்ஞானம் என்று ஒன்று இருந்தால் அதன் மையம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் கையில் இருந்த சட்டம் அந்த விஞ்ஞானத்துக்காக எழுதப்பட்டது இல்லை. தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல், பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக வந்தது. தாளின் முன்னும் பின்னும் அடங்கிவிடும். எங்கள் கடையில் எடுத்தால் ஒரு டீக் காசுகூட ஆகாது. வழக்கமான சட்டங்கள் போதாது என்று அரசு நினைத்தால் தேவையான எதையும் செய்யலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ரயிலில் வருபவர்களைச் சோதிப்பது, சோதிக்கும் அதிகாரி "சந்தேகப்படும்" ஆட்களைப் பிரித்து வைப்பது என்று போகிறது. நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்று கடைசியில் ஒரு பிரிவு. அந்த வருஷம் பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். பிளேக் கமிஷனர் ராண்ட் ஜூன் 22 இரவு சுடப்பட்டார். பிளேக்கைக் கொண்டுவருவது எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டு சொன்னது அதற்கு அடுத்த வருஷம், 1898-இல்! சட்டம் மனுஷர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது எலி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

2020-இலும் கொஞ்சம் அப்படித்தான். காற்று வழியாகப் பரவுவதைப் பெரிய அமைப்புகள் முழுசாக ஒப்புக்கொள்ளும் முன், காய்கறியைக் கழுவினோம், ரோட்டுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டோம், திருப்பூர் சந்தையில் மனுஷர்கள் மேலேயே மருந்து தெளிக்கச் சுரங்கம் மாதிரி ஒன்று வைத்தார்கள். ஆள் மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. திறந்த வெளியான மெரினா டிசம்பர் 14 வரை மூடியே கிடந்தது, ஆனால் சென்னை தவிர மற்ற பல இடங்களில் டாஸ்மாக் மே மாதமே திறந்தாயிற்று. இதில் எது விஞ்ஞானம் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

பிளேக் சட்டத்தோடு 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. சுனாமி வந்து ஒரு வருஷம் கழித்து வந்த சட்டம். மார்ச் 24-ஆம் தேதி தேசிய ஊரடங்கு இதன் கீழ்தான் போடப்பட்டது. நம் ஊரடங்கு நீட்டிப்பு ஆணைகளையும் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைதான் போட்டது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமே அதிகாரம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நடமாடும் உரிமையைப் பொதுநலனுக்காக நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சாசனமே 19(5)-இல் சொல்கிறது. அந்த "நியாயமான அளவில்" என்ற இடத்தில்தான் என் ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டுகிறது.

ஒருவருக்குத் தொற்றினால் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள், சிலருக்குப் பதினான்கு நாள்கூட ஆகும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் மூடினால் எந்தச் சங்கிலி அறும்? சனிக்கிழமை மீன் கடையிலும் கறிக் கடையிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கச்சிகூட இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம்தான். நான் படித்த ஆணைகளில் மருத்துவ வல்லுநர் குழு என்ற பெயர் வரும், குழு போட்ட கணக்கு வராது. ஞாயிறு ஏன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கறி வாங்கப் போயிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் திட்டாமல் இருந்திருப்பேன்.

2021 மே மாத ஊரடங்கு வேறு கதை. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தங்கச்சி ஒரு வாரம் வீட்டுக்கே வரவில்லை. 24-ஆம் தேதி முதல் மளிகைக் கடைகூட இல்லாமல் இறுக்கினார்கள். ஜூன் கடைசியில் ஐந்தாயிரம் அளவுக்கு இறங்கியது. பலருக்கு வந்து போய்விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனாலும் அப்போது நான் வாயே திறக்கவில்லை.

அரசு கணக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஒருவனின் பிடிவாதம் இல்லை என்று பிறகு தெரிந்தது. தடுப்பூசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று 2021 நவம்பரில் நம் மாநிலம் போட்ட உத்தரவும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பு. தடுப்பூசித் திட்டம் சரிதான், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்திப் போட முடியாது. போடாதவர் போட்டவரைவிட அதிகம் பரப்புகிறார் என்று காட்டத் தரவு எதையும் அரசுகள் வைக்கவில்லை, ஆகவே அந்தத் தடை அளவுக்கு மீறியது என்றார்கள். தீர்ப்பு நூறு பக்கத்துக்கு மேல். அன்றைக்கு நல்ல வியாபாரம்.

என் வழக்கை நான் மறந்தே போயிருந்தேன். 2021 பிப்ரவரியில் ஊரடங்கு வழக்குகள் பத்து லட்சத்தை வாபஸ் வாங்குவதாக முதல்வர் பழனிசாமி அறிவித்ததும் நிம்மதியாகிவிட்டேன். 2023-இல் மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டால், போலீஸ் விசாரணையில் "குற்ற வழக்கு நிலுவை" என்று வந்து நிற்கிறது. அறிவிப்பு பேப்பரில் வந்தது, ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு வரவில்லை.

தினமும் என் கடையில் காகிதம் எடுக்கும் வக்கீல் சார் எப்.ஐ.ஆரைப் பார்த்துச் சிரித்தார். 188 என்றால் உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ மாஜிஸ்திரேட்டிடம் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும், குற்ற நடைமுறைச் சட்டம் 195 அப்படித்தான் சொல்கிறது, போலீஸ் தானாக எப்.ஐ.ஆர் போட்டு இறுதி அறிக்கை வைப்பது செல்லாது என்றார். கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018-லேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார், ஜீவானந்தம் வழக்கு என்று பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தீர்ப்பை எத்தனை வக்கீல்களுக்கு எத்தனை தடவை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பேன்! எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"அப்ப 269 சார்?"

"அதுக்கு உனக்குக் கொரோனா இருந்துச்சுன்னு அவங்க காட்டணும்யா. கறி இருந்துச்சுன்னு காட்டிட்டா போதாது."

மனு போட்டு, ஸ்டேஷனுக்கு நாலு நடை நடந்து, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு தாள் கைக்கு வருவதற்குள் பேத்திக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்தத் தாளை எங்கள் மிஷினிலேயே ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.