61 மில்லிமீட்டர்

அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் பார்வை சோதிக்கிற திரையில் 6/12 வரியோடு நின்றுபோனவர், அன்று அதைவிடச் சின்ன எழுத்தான 6/9 வரியை மூச்சுவிடாமல் படித்தார். "சொட்டு மருந்து நல்லா வேலை செய்யுது தம்பி" என்றார். அவர் போட்டுவந்தது கண் வறட்சிக்கான மருந்து. புரை அதில் எங்கே கரையும்?

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியில் நானே ஏறி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன். என் இடது கண் வெறுங்கண்ணில் 6/9தான், படிக்கிற காலத்திலிருந்தே. இப்போது குறையில்லாத பார்வைக்கான 6/6 வரி தெரிகிறது. மருந்தே போடாமல் எனக்கும் குணமாகிவிட்டது!

பதினோரு நாளுக்கு முன், இந்த வரிகளைக் காட்டுகிற பழைய 21.5 அங்குல மானிட்டர் போய், 24 அங்குலம் வந்திருந்தது. எழுத்து பொடியாக இருக்கிறதென்று பெயர் பதிகிற பெண் சொல்ல, மாட்ட வந்தவர் விண்டோஸில் 125 சதவீதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. மற்ற எந்த மேசையிலும் அது உதவிதான்.

1862-ல் ஸ்னெலன் என்ற டச்சுக் கண் மருத்துவர் போட்ட கணக்குப்படி, 6/6 எழுத்து கண்ணில் 5 கலைக் கோணம் பிடிக்க வேண்டும் (ஒரு பாகையில் 60 கலை). ஆறு மீட்டரில் அது 8.73 மி.மீ. உயரம். எங்கள் அறை மூன்று மீட்டர், அதனால் பாதி. மேலே இருக்கும் 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு, 43.6 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலைத் திரையில் வைத்தேன்: 61. 6/6 என்ற பெயரில் கிட்டத்தட்ட 6/9 வரியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 125-ஐ 100 ஆக்கி, மென்பொருள் வரைந்த கோட்டை அளந்து, அந்த நீளத்தைப் பதிந்தால் முடிந்தது. எழுத்து சிறுத்திருந்தால் முதல் நாளே யாராவது சண்டைக்கு வந்திருப்பார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்றால் யார் புகார் சொல்வார்கள்? பதினோரு நாள் நோட்டை எடுத்து, ஓட்டுநர் சான்றிதழுக்கு வந்தவர்களை முதலில் கூப்பிட்டோம்.

அந்த அம்மாவை மறுபடி உட்காரவைத்தேன். 6/12.

"இப்பத்தானே படிச்சேன்? மெஷின்ல என்னமோ பண்ணிட்டீங்க."

ஸ்கேலைக் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டார். போகும்போது, அதே சொட்டு மருந்தில் இன்னொரு பாட்டில் எழுதித் தரச் சொன்னார்.