ஒரு முகவரியை விடுவித்த கதை

சர்வர் பராமரிப்பில் சேர்ந்த புதிதில், வேண்டாத ஐபி முகவரியைத் தடுப்பது மிக எளிய வேலை என்றே நினைத்திருந்தேன். காலையில் லாக் கோப்பைத் திறந்தால், முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் தவறு என்ற ஒரே வரி, சில நொடிகளுக்கு ஒரு முறை, இரவு முழுவதும் பதிவாகியிருக்கும். தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் வாசலான 22ஆம் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் எந்தச் சர்வருக்கும் இது நேரும். முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களின் வேலை அது. அன்று எனக்கு அது புரியவில்லை, பதறினேன். லினக்ஸின் ஃபயர்வால் (தடுப்புச் சுவர்) விதிகளை எழுதும் ஐபிடேபிள்ஸில் ஒவ்வொன்றாகத் தடுத்துச் சலித்த பிறகு, ஒரு நாள் /16 என்று எழுதி, 65,536 முகவரிகள் கொண்ட தொகுதியையே எல்லாப் போர்ட்டுகளுக்குமாக அடைத்துவிட்டேன். தொல்லை 22இல் மட்டும்தான் இருந்தது என்பதைக்கூட யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நாங்கள் சேவை வழங்கிய அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் ஊழியர் அழைத்தார். அலுவலக இணைப்பில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கைபேசி இணைப்பில் உடனே திறக்கிறது என்றார். நான் போட்டிருந்தது டிராப் விதி; வரும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அது சத்தமின்றி விழுங்கிவிடும். ரிஜெக்ட் என்றால் மறுப்பாவது போய்ச் சேர்ந்திருக்கும். எந்தப் பதிலும் வராததால், தங்கள் இணைப்பில்தான் கோளாறு என்று அத்தனை நாளும் நினைத்திருக்கிறார்கள். அந்த அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரியின் பின்னால் இருந்தது; அந்த முகவரி நான் அடைத்த தொகுதிக்குள் இருந்தது.

அவர் தொலைபேசியில் காத்திருக்க, விதியை நீக்கினேன். பக்கம் திறக்கவில்லை. மறுபடி நீக்கும் முன், வரிசை எண்களோடு பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான், அதே விதியை வெவ்வேறு நாள்களில் மூன்று முறை சேர்த்திருந்தது தெரிந்தது. நீக்கும் கட்டளை முதலில் பொருந்தும் ஒன்றை மட்டுமே எடுக்கும்; மீதி இரண்டும் 9ஆம், 23ஆம் இடங்களில் இருந்தன. 9ஐ முதலில் எடுத்தால் 23 என்பது 22 ஆகிவிடும், வேறு விதி பலியாகும் என்பதால் கீழிருந்து மேலாக நீக்கினேன். பக்கம் திறந்தது. தவறு எங்களுடையது என்று அவரிடம் சொன்னேன். சேமித்து வைத்த கோப்பில் அந்த விதி நீடித்தால் அடுத்த ரீபூட்டில் திரும்பி வந்துவிடும் என்பதால், அங்கும் திருத்தினேன்.

பின்னர், லாக்கைப் பார்த்துத் தானாகவே முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் என்ற மென்பொருளுக்கு மாறினோம். அதன் இயல்பு அமைப்பில், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் பத்து நிமிடத் தடை. தானாக விடுவிக்கும் குணத்துக்காகவே அதை எனக்குப் பிடிக்கும். ஆனால், அது தடுத்ததை அதனிடம் சொல்லியே விடுவிக்க வேண்டும். ஃபயர்வாலில் மட்டும் கைவைத்தால், அதன் கணக்கில் தடை நீடிக்கும்.

கையால் சேர்க்கும் விதிகளில் இப்போது தேதியையும் காரணத்தையும் குறிப்பாக எழுதிவிடுகிறேன். ஆரம்ப நாள்களின் இரண்டு விதிகள் மட்டும் குறிப்பின்றி இன்னும் இருக்கின்றன. அவற்றின் பாக்கெட் எண்ணிக்கை இன்றும் ஏறுகிறது. தட்டுவது நிரலா, பக்கம் திறக்காமல் தவிக்கும் ஒருவரா என்பது தெரியாததால், அவற்றுக்கு மேலே ஒரு லாக் விதியைச் சேர்த்து, எந்தப் போர்ட்டுக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.