படை கழித்த இயந்திரத்தை ஓட்டாமல் வைப்பதே பெரிய கேடு

அமெரிக்கப் படை தனக்கு இனி வேண்டாம் என்று கழித்துவிடும் லாரிகளும் ஜெனரேட்டர்களும் ஏலத்தின் வழியே பொதுமக்கள் கைக்கு வருகின்றன. டெக்சாஸில் ஊருக்கு வெளியே குடியிருக்கும் எனக்கு அப்படி வந்து சேர்ந்தவை எம்35ஏ2 என்னும் இரண்டரை டன் லாரியும், எம்.இ.பி. 803ஏ என்னும் 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரும். படைக்கென்று செய்த பொருள் எதையும் தாங்கும், கொட்டகையில் போட்டுவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி வாங்குபவர்கள் பலர். அந்த நம்பிக்கைதான் இவற்றுக்கு எமன். இயக்குவதற்கு முன்பும், இயங்கும்போதும், நிறுத்திய பின்பும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று படை வகுத்திருந்த ஒழுங்கைப் பல கைகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் கடைப்பிடித்ததால்தான் இவை இத்தனை காலம் உழைத்தன. ஏலத்தில் எடுப்பவருக்கு அந்தக் கைகள் கிடைப்பதில்லை.

ஆனால் அந்த ஒழுங்கு எழுத்தில் இருக்கிறது. படையின் தொழில்நுட்பக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த லாரிக்கு டி.எம். 9-2320-361 வரிசை, ஜெனரேட்டருக்கு டி.எம். 9-6115-642 வரிசை. அவற்றில் 10 என்று முடிவது இயக்குபவருக்கானது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்கூட முதலில் படிக்க வேண்டியது அதைத்தான் என்பேன். கசிவைப் பற்றி அதில் உள்ள பகுப்பு ஒன்றே போதும், அதன் தெளிவை உணர்த்த. ஈரம் படர்ந்து நிறம் மாறியிருந்தாலும் துளி திரளவில்லை என்றால் முதல் வகை. துளி திரண்டும் விழாமல் நின்றால் இரண்டாம் வகை. துளி சொட்டினால் மூன்றாம் வகை. எஞ்சின் ஆயில் முதல் இரண்டு வகையில் இருக்கும்வரை அளவைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டலாம். டீசலும் பிரேக் ஆயிலும் எந்த வகையில் கசிந்தாலும் நான் வண்டியை எடுப்பதில்லை.

பிரேக்கில் இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இந்த லாரியின் பிரேக், காற்றழுத்தத்தின் உதவியோடு இயங்கும் ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக் அமைப்பு. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒருசேரப் பிரேக் போய்விடும்; மிஞ்சுவது, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் கைபிரேக் மட்டுமே. ஆகவே பழைய குழாய்களின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வயதைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். 1980களில் படை டாட் 5 சிலிகான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அதோடு கடையில் கிடைக்கும் வழக்கமான டாட் 3 வகை ஆயிலைக் கலக்கக் கூடாது. சிலிகான் ஆயில் நீரை உறிஞ்சாது என்பது நல்ல குணம்தான் என்றாலும், உள்ளே நுழைந்துவிட்ட நீர் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எஞ்சின் எல்.டி.டி. 465 என்ற 7.8 லிட்டர் ஆறு சிலிண்டர் பல்எரிபொருள் வகை. பிஸ்டனின் தலையில் குடைந்த கிண்ணத்தின் சுவரில் எரிபொருளைப் படரவிட்டு, அது ஆவியாக ஆவியாக எரியச் செய்யும் முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் பிறந்தது. இந்தியப் படையின் சக்திமான் லாரியும் அதே நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவானதுதான். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் என எதிலும் ஓடும் என்பதால், வடித்த பழைய எஞ்சின் ஆயிலை டேங்கில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆயிலோடு கரியும் உலோகத் துகளும் நீரும் சேர்ந்து செல்கின்றன. ஃபில்டரைத் தாண்டியது பம்பையும் இன்ஜெக்டரையும் தின்னும். இதைவிட விரைவாக இந்த எஞ்சினைக் கொல்வது நிமிடத்துக்கு 2,600 சுற்றைத் தாண்டவிடுவது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் லாரியின் எடையே எஞ்சினைச் சுழற்றும்போது இது எளிதாக நேர்ந்துவிடும். ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகத்தைப் பொறித்த தகடு ஓட்டுநர் முன்பே இருப்பது அதற்காகத்தான்.

லாரி, ஜெனரேட்டர் இரண்டிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு. ரேடியோவுக்கோ விளக்குக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் ஒன்று குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டுவதே சிக்கனம்.

ஜெனரேட்டரை நாங்கள் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை 2021 பிப்ரவரி உறைபனி காட்டியது. இம்மாநிலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் அப்போது மின்சாரம் இழந்தன. லிஸ்டர் பெட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் நிதானமாக ஓடும். மாதக்கணக்கில் நின்றிருந்தால், டீசல் செல்லாமல் எஞ்சினை மட்டும் சுழற்றும் டெட் கிராங்க் சுவிட்சைச் சிறிது நேரம் பிடித்து ஆயிலை மேலே ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்வது நல்லது. பேட்டில் ஷார்ட் என்ற மூடியிட்ட சுவிட்சை மட்டும் தொடவே கூடாது. எஞ்சினைக் காக்கும் ஏற்பாடுகளை ஒதுக்கிவிட்டு ஓடச் சொல்லும் சுவிட்ச் அது. போர்க்களத்தில் எஞ்சினைவிட மின்சாரம் பெரிதாக இருக்கலாம், வீட்டில் அப்படி ஒரு தேவை வராது.

ஜெனரேட்டருக்கு வரும் பெரிய நோய் சுமையின்மை. ஃபிரிட்ஜும் சில விளக்குகளும் ஒரு கிலோவாட்டைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு குறைந்த சுமையில் நாள்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசலும் கரியும் கலந்து புகைக்குழாயில் கறுப்பு ஈரமாகப் படிந்து, ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ஆகவே மாதந்தோறும் முழுச் சுமைக்கு அருகில் ஓட்ட வேண்டும். தண்ணீர் நிரப்பி எர்த் செய்த இரும்புப் பீப்பாயில் 240 வோல்ட், 4,500 வாட் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்டுகள் இரண்டைப் பொருத்தி நான் சுமையாகப் பயன்படுத்துகிறேன். 9 கிலோவாட் ஏறியவுடன் முதலில் கரும்புகை வரும். அது தெளிந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டு ஓட்டுவேன். வீட்டோடு இணைப்பதென்றால், வீட்டை ஊர் மின்கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் கட்டாயம்; அது இல்லாமல் கம்பிக்குத் திரும்பும் மின்சாரம் தெருவில் பழுது பார்க்கும் மின் ஊழியரைக் கொன்றுவிடும். ஓட்டி முடித்ததும் டேங்கை நிரப்பிவிடுகிறேன், காலி இடத்தில் ஈரம் குளிர்ந்து நீராக இறங்காமல் இருக்க. நவம்பர் தொடங்கினால் டீசல் உறையாமல் இருப்பதற்கான மருந்தையும் அதோடு சேர்த்தே ஊற்றுகிறேன்.