பாவாடை நாடாத் தடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கு

மார்கழி மாதம். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்து இறந்தவர்களில் அந்தப் பெண் மூன்றாவது ஆள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. முதல் இருவரையும் பரிசோதிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். திசுக்களை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி துறையில் இருந்த நான் இந்த முறை விடக் கூடாது என்று மார்ச்சுவரிக்கு ஓடினேன்.

கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். "அறுக்காதீங்கம்மா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஊர்ல இன்னும் யாருக்காவது இதே காய்ச்சல் வந்தா என்ன மருந்து கொடுக்கணும்னு தெரியணும்யா" என்றேன். அவர் கையெழுத்துப் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. அவசரப்படுத்த மனசு வரவில்லை.

கத்தியைத் தொடும் முன் தோலை முழுக்கப் பார்க்க வேண்டும். பயிற்சி மாணவி டார்ச் பிடித்தாள். அக்குள், கழுத்து, காதுக்குப் பின்புறம், மார்புக்கு அடியில், எங்கும் ஒன்றுமில்லை. இடுப்பில், பாவாடை நாடா அழுத்திய தடத்தில்தான் இருந்தது: மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பு பட்ட புண் மாதிரி. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல்! புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிப் பூச்சியின் குஞ்சு கடித்த இடம். வலிக்காது என்பதால் அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்காது. பெண்களின் உடையை விலக்கிப் பார்க்க வார்டில் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

பொருக்கில் பாதியை, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் படாமல், ஐஸ் பெட்டியில் வைத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினேன். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். மீதியும், நுரையீரல், இதயம், மூளைத் துண்டுகளும் 10% ஃபார்மலினுக்குப் போயின. திசு ஊறி, மெழுகில் பதிந்து, சீவி, சாயமேறி ஸ்லைடாக மூன்று நாள். சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி எறும்பு மொய்த்தது போல லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள். ஆனால் இது குழாய் அழற்சியைத்தான் காட்டும். கிருமி ஒரியென்ஷியா சுட்சுகமுஷிதான் என்று சொல்ல பிசிஆர் வேண்டும்.

அதுவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே வார்டுக்குப் போன் செய்து, காய்ச்சலில் இருந்த எல்லோரின் உடம்பையும் பார்க்கச் சொன்னேன். ஒரு பையனின் அக்குளில் அதே பொருக்கு. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

பிசிஆர் பாசிட்டிவ் என்று வந்ததும் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வரப்புல புல்லறுக்கப் போவா" என்றார்.