வன்னிக் கிறவல் பாதையில் சைக்கிள்: மண்ணைப் பார்த்து ரயரை முடிவுசெய்யுங்கள்

ஏ9 வீதியின் பஸ் இரைச்சலை விட்டு விலகிச் சைக்கிள் ஓட விரும்புகிறவர் இலங்கையின் வடக்கே வன்னியில் தண்ணீர் போகிற வழியைப் பிடித்தால் போதும். குளக்கட்டு, வாய்க்கால் றோட்டு, மருத மரங்களுக்குக் கீழான ஆற்றங்கரைத் தடம், அதற்கப்பால் மாடு மேயும் தரவை. இரணைமடுவின் இடதுகரை வாய்க்கால் உருத்திரபுரம் பக்கமும் வலதுகரை வாய்க்கால் முரசுமோட்டை பக்கமும் போகின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று பெரிய குளங்களிலும் கட்டையும் வாய்க்காலையும் ஒட்டிக் கிறவல் (சரளை மண்) தடம் இருக்கும். வாய்க்கால் நீர் தானாக ஓடவேண்டியது என்பதால் அதன் கரையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இராது. கால் பலம் குறைந்தவரும் ஓடலாம். மண்ணை வாசிக்கத் தெரியாதவர்தான் திண்டாடுவார்.

முதலில் ஒரு கட்டாயம். சக்கரத் தடம் பதிந்த பாதையை விட்டு இறங்கவே கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் சிவப்புக் குச்சிகளும் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதற்காகப் பற்றைக்குள் சலம் கழிக்கப் போவதும் நிழலுக்கு ஒதுங்குவதும் வேண்டாம். வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றும். ஜிபிஎஸ் வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்பி நுழைவதும் இதே வகை முட்டாள்தனம். மாடு மேய்ப்பவரையோ வயற்காரரையோ கேளுங்கள். அவர்கள் தினமும் நடக்கிற தடம்தான் உங்கள் தடம்.

இனி மண். சிவப்புக் கிறவல் காய்ந்திருக்கும்போது இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் ரிப்பர் லொறியும் உழவு இயந்திரமும் ஓடிய இடத்தில் குறுக்கே அலையலையாகத் தடித்துப்போய்க் கையையும் முதுகையும் உலுக்கும். நடுவை விட்டுச் சக்கரத் தடத்தின் வெளி ஓரமாக ஓடுங்கள். ஆசனத்திலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, முழங்கையை இறுக்காமல் வைத்தால் அதிர்வில் பாதி குறையும். முல்லைத்தீவுக் கரையோரம், நாயாற்றுப் பக்கம் மணல். மணலில் மூன்று விதி: நுழைவதற்கு முன்பே கியரை இறக்குவது, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருவது, மிதிப்பதை நிறுத்தாமல் இருப்பது. முன் பிறேக்கைத் தொட்டால் முன் சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கிப்போடும். ஹான்டிலைத் திருப்பித் திசை மாற்றவேண்டாம், இடுப்பைச் சாய்த்தால் போதும்.

மோசமானது முருங்கன் பக்கத்துக் கருங்களி. காய்ந்தால் சக்கரம் இறங்குமளவுக்கு வெடிக்கும். நனைந்தால் சில மீற்றருக்குள் ரயரைச் சுற்றி ஏறி, மட்கார்டுக்கும் போர்க்குக்கும் இடையில் அடைத்துவிடும். அப்போது பலங்கொண்டு மிதிக்காதீர்கள். பின் கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் தகடு முறியும், அது ஊர்க் கடையில் கிடைக்கிற பொருளல்ல. இறங்கி, குச்சியால் வழித்து, தடத்தின் புல் படர்ந்த நடுப்பகுதியால் தள்ளிக்கொண்டு போங்கள்.

காலத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். நவம்பர், டிசம்பரில் குளங்கள் நிரம்பி வான் பாயும். தாழ்வான பாலங்களின் மேலால் தண்ணீர் ஓடும். முழங்காலளவு ஓட்டமே சைக்கிளை இழுக்கப் போதும், கடக்க நினைக்கவேண்டாம். மழைக்கால நெல்லான காலபோக அறுவடை நேரம் வாய்க்கால் றோட்டில் அறுவடை இயந்திரம் உழுதுவிட்டுப் போயிருக்கும். காய்கிற நெல்லும் பரவிக் கிடக்கும், அதன்மேல் சக்கரம் ஏற்றுவது மரியாதையில்லை. அறுவடை ஓய்ந்த பிறகு, குளத்தில் தண்ணீரும் நிலத்தில் இறுக்கமும் ஒருங்கே இருக்கும் மார்ச், ஏப்ரல்தான் எங்கள் தெரிவு. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை புழுதியும் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும். அந்த மாதங்களில் காலையில் மேற்கு நோக்கிப் போய், காற்று எழும்பிய பிறகு அது முதுகில் தள்ளத் திரும்புகிற மாதிரித் தடத்தை வகுக்கவேண்டும். எதிர்த்திசையில் திட்டமிட்டவர் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் புரிந்துகொள்வார். ஒக்டோபரின் முதல் இரண்டு மழையும் புழுதியை அமர்த்தி அருமையான பிடிப்பைத் தரும். அது நெடுநாள் நீடிக்காது.

ரயருக்கு வருவோம். எழுபது கிலோ ஆளுக்கு 45 மில்லிமீற்றர் அகலமான 700சி ரயரில் ரியூப் போட்டு ஓடுவதானால் பின்னுக்கு 35, முன்னுக்கு 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் நல்ல தொடக்கம். மணலில் 25 வரை இறக்கலாம், ஆனால் கிறவலுக்குத் திரும்பியதும் காற்று அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் கல்லில் மோதும்போது ரியூப் றிம்மில் நசிந்து, பக்கத்தில் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். 26 அங்குல மலைச் சைக்கிளின் 1.95 ரயருக்கும் 30 முதல் 35 போதும். இதற்கென்று புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. வீட்டில் நிற்கிற 28 × 1½ ரயர் போட்ட லுமாலாச் சைக்கிளும் வாய்க்கால் றோட்டுக்குத் தாராளம். அதற்கு 45 முதல் 50 வையுங்கள். அதற்கும் கீழே போனால் ரயர் றிம்மில் வழுக்கி நகர்ந்து, வால்வின் அடி கிழியும். அந்தக் கிழிவுக்கு ஒட்டுப் போட முடியாது. ஒற்றைக் கியர்க்காரர் பின் பல்சக்கரத்தை 18 பல்லிலிருந்து 20 அல்லது 22க்கு மாற்றினால் மணலில் இறங்கித் தள்ளுவது குறையும். விரலால் அமத்திப் பார்த்துக் காற்றளவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள், மானி ஒன்று வாங்குங்கள்.

காற்றுப் போவதில் பெரும்பகுதி ஓடும்போது நடப்பதில்லை, நிறுத்தும்போது நடக்கிறது. நிழலைக் கண்டு பாதையோரப் புல்லில் சைக்கிளை உருட்டினால் அங்கே நெருஞ்சி படர்ந்திருக்கும். பாதை நடுவிலேயே நிறுத்துங்கள், அல்லது தூக்கி வையுங்கள். காட்டுப் பக்கம் உடைமுள்ளும் விடத்தலும் ரயரின் பக்கச் சுவரைத் துளைக்கும். ரியூப் இல்லாத முறையில் ஓடுபவர் ரயருக்கு 60 முதல் 80 மில்லிலீற்றர் ஓட்டையை அடைக்கும் ஒட்டுப்பால் ஊற்றி, இந்த வெக்கையில் இரண்டு மாதத்துக்கு ஒருதடவை திறந்து பார்க்கவேண்டும், உறைந்து தோலாகியிருக்கும். ரியூப்காரருக்கு ஊர் வழி ஒன்று உண்டு. பழைய ரியூப்பை நீளவாட்டில் வெட்டி உள்ளே விரிப்பது. பாரம் கூடும், நெருஞ்சி நிற்கும். வெட்டு விளிம்பு உரசாமலிருக்க முகப்பவுடர் தூவுங்கள்.

ஒட்டுப் போடும்போது ஓட்டையைவிட முள்ளைத் தேடுவதுதான் முக்கியம். ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்தால் முள் முனையில் துணி மாட்டும். முறிந்த முனையை நகவெட்டியால் பிடித்து இழுக்கலாம். ரியூப்பை அரத்தாளால் தேய்த்து, சொலுசனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டுவதால்தான் ஒட்டுக் கழலுகிறது. மெல்லிய நீண்ட வால்வு உள்ள சைக்கிளென்றால் மாற்றுமூடி ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஊர்க் கடைக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது.

யானைக்கு நேரம்தான் மருந்து. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் காட்டுத் தடத்தை விட்டு வெளியேறுங்கள். லத்தி ஈரமாகக் கிடந்தால் அன்றைக்கு வேறு வழி. சேற்றில் பதிந்து காய்ந்த யானையடியும் ஆபத்துத்தான்: முன் சக்கரம் முழுதாக இறங்குகிற வட்டக்குழி, தரவைப் புல்லுக்குள் தெரியாது. வயல் வரம்போரம் முத்திரைப் புடையன் பாம்பு கிடக்கும், செருப்போடு போகாதீர்கள். 2015இல் தேசியப் பூங்காக்களான மடு வீதியும் சுண்டிக்குளமும் உங்கள் கிறவல் தடங்கள் அல்ல. அரைநாளுக்கு ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் எடுங்கள். வாய்க்கால் நீரில் வயல் மருந்து கலந்திருக்கும். அம்புலன்சுக்கு 1990. காட்டுக்குள் சிக்னல் விடுபடும் என்பதால் தனியாகப் போகவேண்டாம்.

திரும்பியதும் சங்கிலி. கிறவல் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் பல்லை அராவும் பசைதான், அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, சுற்றி, மிச்சத்தை முழுதாகத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகும். இரும்பு றிம்மில் றப்பர் பிறேக் நனைந்தால் பிடிக்காது. பிறேக் கட்டையில் புதைந்த கல்மணிகளை ஊசியால் கிளறி எடுங்கள். சேறு கழுவக் குளத்தில் இறங்கவேண்டாம், முதலை உண்டு. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய தூரிகையும் போதும். மோட்டார் சைக்கிள் கழுவும் கடையில் அழுத்தக் குழாயால் அடித்தால் தண்ணீர் ஹப்புக்குள் போய்க் கிறீஸைக் கரைக்கும். அடுத்த மாதம் சக்கரம் கரகரக்கும்போது கூம்பும் குண்டும் மாற்றவேண்டி வரும்.